கடல் வயலின் விளைச்சல்



நான் வாழும் நிந்தவூர் இரண்டு வயல்களுக்கு நடுவே அமைந்த ஊர். மேற்கே நெல்வயல், கிழக்கே கடல். மேற்கே உள்ளது வயல் என்பதை எவரும் ஒப்புவர். கிழக்கே உள்ளதையும் வயல் என்று நான் கூறுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் அங்கும் ஒரு பயிர் முளைக்கிறது, வளர்கிறது, மேயப்படுகிறது, மடிகிறது, மீண்டும் முளைக்கிறது. அந்தப் பயிரின் விளைச்சலை வானத்திலிருந்து எவ்வாறு கணக்கிடுகின்றனர், அக்கணக்கு எதுவரை செல்லும் என்பன பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் விஞ்ஞானம் பயின்றவனல்லேன்; கலைப் பட்டதாரி. இத்துறைக்குள் என்னை இழுத்து வந்தவன் என் பாடசாலை மாணவன் ஒருவன். விஞ்ஞான ஆசிரியர் விடுமுறையில் சென்றிருந்த ஒருநாள், அவருடைய வகுப்புக்கு நானே செல்ல நேர்ந்தது. பேச்சோடு பேச்சாக, நாம் சுவாசிக்கும் ஒட்சிசனைத் தருபவை காடுகளே என்று கூறிவைத்தேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சேர், கடலிலும் அந்த வேலை நடக்கிறதென்று புத்தகத்தில் இருக்கிறதே. அதைச் செய்மதி பார்க்கிறதாம். வானத்திலிருந்து பார்த்தால் கடலுக்குள் எவ்வளவு விளைகிறதென்று எப்படிச் சேர் தெரியும்?" என்று கேட்டான். அவனுடைய வாப்பா கரைவலை இழுப்பவர். மாணவன் கூறியதே சரி என்று ஒப்புக்கொண்டேன். கேட்டதற்கு விடை தேடி வந்து சொல்வதாகவும் வாக்களித்தேன். இன்றைய பேச்சு அந்த வாக்கின் நிறைவேற்றமாகும்.

நமக்குப் பழக்கமான மேற்குப்புற வயலிலிருந்து தொடங்குவோம். எங்கள் பகுதியில் வட்டை விதானை என்று ஒருவர் இருப்பார். வயல்களின் நீர்ப்பங்கீடு முதலிய காரியங்களைக் கவனிப்பவர். பெரும்போகப் பயிர் பச்சை கட்டி நிற்கும் நாளில் அவர் வரம்பின்மேல் நின்று ஒருமுறை கண்ணைச் சுழற்றுவார். "இந்த முறை ஏக்கருக்கு இத்தனை மூடை தேறும்" என்பார். அவர் கண்டது நிறத்தை. சொன்னதோ நெல்லின் கணக்கை. இவ்விரண்டுக்கும் இடையே மூன்று கேள்விகள் மறைந்திருக்கின்றன. இப்பொழுது நிற்கும் பயிர் எவ்வளவு? அது நாளொன்றுக்கு எவ்வளவு வளர்கிறது? வளர்ந்ததில் எலியும் கிளியும் தின்றது போக, களஞ்சியம் சென்று சேர்வது எவ்வளவு? கடல் வயலை அளக்கும் விஞ்ஞானியும் இந்த மூன்று கேள்விகளுக்கே விடை தேடுகிறார்.

கடலின் பயிர் வெறுங் கண்ணுக்குத் தனித்தனியே தோன்றாது. அதன் பெரும்பகுதி மயிரிழையின் தடிப்பினும் சிறிய உயிர்களாகும். தாவரப் பிளாந்தன் என்று பாடநூல்கள் இவற்றைக் குறிக்கும். வேரில்லை, தண்டில்லை, நீரோட்டம் இழுத்த வழியே மிதந்து செல்லும். ஆயினும் நெற்பயிரின் இலையில் உள்ள அதே பச்சையம் இவற்றுள்ளும் உண்டு. சூரிய ஒளியைக் கொண்டு, நீரில் கரைந்துள்ள காபனீரொட்சைட்டை இவை தம் உடலாக ஆக்கிக்கொள்கின்றன, ஒட்சிசனை வெளிவிடுகின்றன. ஒளித்தொகுப்பு எனப்படுவது இதுவே.

இதன் அளவு மலைக்கத்தக்கது. 1998ஆம் ஆண்டு கிறிஸ்தோபர் ஃபீல்ட் என்ற அமெரிக்க அறிஞரும் அவருடைய தோழர்களும் செய்மதித் தரவுகளைக் கொண்டு ஒரு கணக்கை வெளியிட்டனர். உலகத் தாவரங்கள் தம் சுவாசத்துக்குச் செலவிட்டது போக, ஓராண்டில் சேர்க்கும் காபன் ஏறக்குறைய 10,500 கோடி தொன் என்றும், அதில் ஏறக்குறைய 4,850 கோடி தொன் கடலில் விளைவது என்றும் அவர்கள் கண்டனர். ஏறத்தாழச் சரிபாதி. ஆனால், எந்தக் கணத்திலும் கடலில் நிற்கும் பயிரின் நிறையோ, உலகிலுள்ள தாவரங்கள் அனைத்தின் நிறையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான். சிறிய பயிர் இவ்வளவு பெரிய விளைச்சலைத் தருவது எங்ஙனம்? நெல்லுக்கு விதைப்பிலிருந்து அறுவடை வரை மூன்று நான்கு மாதங்கள் செல்லும். கடற்பயிரோ ஓரிரு நாளில் இரட்டிக்க வல்லது. அவ்வளவு விரைவாகத் தின்னவும் படுகிறது. ஒரு வாரமளவில் கடலின் பயிர் முழுவதும் ஒருமுறை புதிதாகிவிடுகிறது எனலாம். இப்பயிரை நுண்ணிய விலங்குகள் மேய்கின்றன. அவற்றை நெத்தலியும் சூடையும் தின்கின்றன. அவற்றைச் சூரையும் பாரையும் வேட்டையாடுகின்றன. நமது கறிச்சட்டிக்கு வரும் மீன் யாவும் இந்தப் பச்சையத்தின் வழியே வந்தவையாகும்.

இனி முதற் கேள்விக்கு வருவோம். நிற்கும் பயிர் எவ்வளவு?

முன்னாளில் கப்பலிற் சென்று நீர் மொண்டு அளப்பதே ஒரே வழி. டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்டீமன் நீல்சன் என்பார் 1952ஆம் ஆண்டு ஒரு முறையை வெளியிட்டார். கடல்நீரைப் போத்தலில் அடைத்து, கதிர்வீசும் காபனைச் சிறிதளவு சேர்த்து, வெளிச்சத்தில் வைத்து, அதில் எவ்வளவைப் பயிர் ஈர்த்துக்கொண்டது என்று பார்ப்பதே அம்முறை. இன்றும் அது வழக்கில் உண்டு. ஆனால் ஒரு கப்பல் ஒரு நாளில் எத்தனை இடத்தில் நீர் மொள்ள முடியும்? கடலோ பூமியின் பத்தில் ஏழு பங்கு.

1978ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் நிம்பஸ்-7 என்னும் அமெரிக்கச் செய்மதி, கடலின் நிறத்தை அளக்கும் முதற் கருவியை ஏந்திச் சென்றது. 1997ஆம் ஆண்டு சீவிஃப்ஸ் என்னும் கருவி வந்தது. 1999ஆம் ஆண்டு இந்தியா தன் ஓஷன்சாட் வரிசையில் முதற் செய்மதியை ஏவியது. 2009, 2022ஆம் ஆண்டுகளில் அவ்வரிசை தொடர்ந்தது. 2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ஏவப்பட்ட பேஸ் என்னும் அமெரிக்கச் செய்மதி, நிறங்களை மிக நுட்பமாகப் பகுத்து, எவ்வகைப் பயிர் மிகுந்துள்ளது என்பதையும் ஆராய முற்படுகிறது.

இவை செய்வது என்ன? பச்சையம் நீல ஒளியை உண்ணும். பச்சை ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆதலால் பயிர் அருகிய நடுக்கடல் கருநீலமாகவும், பயிர் மிகுந்த கடல் பசுமையாகவும் தோன்றுகின்றன. செய்மதி நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தை அளக்கிறது. கப்பலில் மொண்ட நீரில் நேரே அளந்த பச்சையத்தோடு அவ்விகிதத்தைப் பொருத்தி, சமன்பாடு ஒன்றை அமைத்துக்கொள்கின்றனர். வட்டை விதானையின் கண்ணில் பல போக அனுபவம் செய்வதை, இங்கே சமன்பாடு செய்கிறது.

சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. செய்மதியை வந்தடையும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கு கடலிலிருந்து வந்ததன்று. இடையே உள்ள வளிமண்டலம் சிதறவிட்ட ஒளி. அதனைக் கழித்து, எஞ்சிய சிறு பங்கிலே கடலின் நிறத்தைத் தேட வேண்டும். முகில் மூடினால் எதுவும் தெரியாது. பருவக்காற்றுக் காலத்தில் முகில் மூடாத நாள் எத்தனை என்பதை நாம் அறிவோம். கரையோரத்திலோ இன்னொரு இடர். மாரியில் களியோடை பெருக்கெடுத்துக் கலங்கிய நீரைக் கடலில் கொட்டும்போது, அந்தச் சேற்றின் நிறமும் பயிரின் நிறமும் ஒன்றோடொன்று மயங்கும். ஆழ்கடலுக்குப் பொருந்திய சமன்பாடு ஆற்றுமுகத்தில் பொய்த்துவிடும்.

இரண்டாவது கேள்வி, பயிர் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பது. இங்கே நிறம் மாத்திரம் போதாது. யூரியாவை அளவுக்கு மிஞ்சி இட்ட வயல் கரும்பச்சையாக நிற்கும். கதிரோ அதற்கேற்ப இராது. கடலிலும் அப்படியே. மங்கிய ஒளியில் வாழும் பிளாந்தன், கிடைக்கும் ஒளியை விடாமற் பற்றும் பொருட்டு, தன் உடலில் பச்சையத்தைக் கூட்டிக்கொள்ளும். நல்ல வெயிலில் வாழ்வது குறைத்துக்கொள்ளும். எனவே பச்சை கூடியதனால் மாத்திரம் விளைச்சல் கூடியது என்று கொள்ளலாகாது. இதனால் விஞ்ஞானிகள் கடலின் மேற்பரப்பு வெப்பம், சூரிய ஒளியின் அளவு, பகற்பொழுதின் நீளம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணிக்கின்றனர். 1997ஆம் ஆண்டு பெஹ்ரன்ஃபெல்ட், ஃபால்கோவ்ஸ்கி என்னும் இருவர் வகுத்த முறை இவ்வகையில் பெரிதும் வழங்குவது. பின்னர், நீரிலுள்ள நுண்துகள்கள் ஒளியைச் சிதறவிடும் அளவைக் கொண்டு பயிரின் காபனையே மதிப்பிடும் முறைகளும் வந்துள்ளன.

மூன்றாவது கேள்வியே மிகக் கடினமானது. நமது எதிர்காலத்தோடு மிக நெருங்கியதும் அதுவே. விளைந்ததில் களஞ்சியம் சேர்வது எவ்வளவு?

கடலின் களஞ்சியம் அதன் ஆழமாகும். மேற்பரப்பில் விளைந்த பயிரின் பெரும்பகுதி அங்கேயே தின்னப்பட்டு, சுவாசிக்கப்பட்டு, மீண்டும் காபனீரொட்சைட்டாகிவிடுகிறது. ஒரு சிறு பங்கே இறந்த உடல்களாகவும், நுண்விலங்குகளின் எச்சமாகவும், ஒன்றோடொன்று ஒட்டிய துகள்களாகவும் கீழ்நோக்கி விழுகிறது. ஆழத்தைச் சேர்ந்த காபன் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வளிமண்டலத்துக்குத் திரும்பாது. ஆனால் விழும் வழியிலும் அதனைத் தின்பார் உளர். 1987ஆம் ஆண்டு ஜோன் மார்ட்டின் என்ற அமெரிக்க அறிஞர் பசிபிக் சமுத்திரத்தில் அளந்து ஒரு விதியைக் கண்டார். அதன்படி, 100 மீற்றர் ஆழத்தைக் கடந்து விழுந்த காபனில் 1000 மீற்றர் ஆழத்தை எட்டுவது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. ஏனைய கடல்களில் இந்தப் பங்கு இடத்துக்கு இடம் வேறுபடுவதும் பின்னர் தெரிய வந்தது.

உலகக் கடல்களில் மேலடுக்கிலிருந்து ஆண்டுதோறும் கீழிறங்கும் காபன் 500 கோடி தொன் என்று ஒரு சாரார் கணக்கிடுகின்றனர். 1,200 கோடி தொன் வரை கூறுவாரும் உளர். இருசாராரும் தேர்ந்த அறிஞர்களே. பார்ப்பதும் பெரும்பாலும் ஒரே செய்மதிப் படங்களையே. இவ்விரு கணக்குகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு 700 கோடி தொன். நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரித்து மனிதகுலம் முழுவதும் ஓராண்டில் வெளிவிடும் காபன் ஏறக்குறைய 1,000 கோடி தொன் என்பதை எண்ணிப் பாருங்கள். கணக்கில் உள்ள ஐயம் எவ்வளவு பெரியது என்பது அப்பொழுது விளங்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். மனிதன் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைக் கடல் ஏற்றுக்கொள்கிறது. அதில் பெரும்பகுதி வாயு நீரில் கரைவதனால் நிகழ்வது; பயிரின் வேலையன்று. ஆயினும், ஊழிதோறும் பயிர் ஆழத்துக்கு அனுப்பி வரும் காபன் அங்கே இல்லாதிருப்பின், வளிமண்டலத்திலுள்ள காபனீரொட்சைட்டு இன்று உள்ளதினும் மிக அதிகமாயிருக்கும். பூமியும் இன்னும் வெப்பமாயிருக்கும். அந்த ஏற்பாடு குலையுமா, குலையாதா என்பதை அறியாமல் நம் பிள்ளைகளின் காலத்து வெப்பத்தை நாம் சரியாக முன்னுரைக்க இயலாது.

நேயர்களே, இனி எங்கள் ஊரின் முன்னே விரிந்து கிடக்கும் வங்காள விரிகுடாவைப் பார்ப்போம். மேலே கூறிய மூன்று கேள்விகளின் சிக்கலும் இங்கே ஒருங்கே காணப்படுகிறது.

செய்மதிப் படத்தில் கோடைப் பருவத்து அரபிக்கடல் பசுமை கொழித்திருக்கும். அதே பருவக்காற்று வீசும் வங்காள விரிகுடாவோ பெரும்பாலும் வெளிறிய பயிரோடு கிடக்கும். காரணம் என்ன? கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி முதலிய பேராறுகளும் பெருமழையும் இவ்விரிகுடாவின்மேல் நன்னீரைப் போர்வையாக விரிக்கின்றன. நன்னீர் இலேசானது; உப்புநீர் கனமானது. இலேசான நீர் மேலே மூடி நிற்பதால், காற்று எவ்வளவு வீசினும் கீழேயுள்ள சத்துநீரை எளிதில் மேலே கிளப்ப முடிவதில்லை. உரம் அடியிலே கிடக்கிறது. பயிர் மேலே வாடுகிறது. கோவாவிலுள்ள தேசிய கடலியல் நிறுவகத்தின் ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டு இதனை விளக்கி எழுதினர்.

ஆயினும் எங்கும் ஒரே தன்மையில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இலங்கையின் தென்கரையோரமாகச் சத்துநீர் மேலெழுந்து பயிர் பெருகுகிறது. அப்பசுமையை நீரோட்டம் தீவின் தெற்கே சுற்றி விரிகுடாவுக்குள் இழுத்து வருவதை, 2004ஆம் ஆண்டு விநயச்சந்திரன் முதலிய இந்திய ஆய்வாளர்கள் செய்மதிப் படங்களின் துணையோடு காட்டினர். மேலும், நமது கிழக்குக் கரைக்கு அப்பால், எங்கள் ஊரின் நேர்கிழக்கே சில நூறு கிலோமீற்றர் தொலைவில், அக்காலத்துக் காற்று இடஞ்சுழியாகத் திரும்புகிறது. அதனால் மேல்நீர் புறத்தே ஒதுங்க, கீழேயுள்ள குளிர்நீர் மேடுபோல் எழுகிறது. விநயச்சந்திரனும் ஜப்பானியரான யமகாட்டாவும் 1998ஆம் ஆண்டு இதனை ஆராய்ந்து எழுதினர்; இலங்கைக் குவிமாடம் என்பது இதற்கு வழங்கும் பெயர். கரையில் நாம் கச்சான் காற்றின் வெக்கையில் வாடும் மாதங்களில், நமது கடலுக்கு அப்பால் ஒரு குளிர்நீர்க் குன்று எழுந்து நிற்கிறது என்பது எண்ண எண்ண இனிய செய்தியன்றோ?

ஆனால் செய்மதி அங்கேயும் முழுவதையும் காண்பதில்லை. 2016ஆம் ஆண்டு யூன், யூலை மாதங்களில் சிந்து சாதனா என்னும் இந்திய ஆய்வுக்கப்பல், இந்திய, பிரித்தானிய விஞ்ஞானிகளோடு விரிகுடாவின் தென்பகுதிக்குச் சென்றது. ஆளில்லாமல் நீருக்குள் மூழ்கி எழும் கலங்களையும் அவர்கள் விட்டனர். பச்சையத்தின் செறிந்த அடுக்கு மேற்பரப்பில் இராமல், பல மீற்றர் கீழே, செய்மதியின் பார்வைக்கு எட்டாத ஆழத்தில் இருப்பதை அக்கருவிகள் காட்டின. வரம்பில் நிற்பவனுக்குத் தாளின் நுனி தெரியும்; அடியில் வெடித்த கிளை தெரியாது.

மூன்றாவது கேள்வியில் இவ்விரிகுடா தந்த விடை இன்னும் வியப்பானது. 1987ஆம் ஆண்டு தொடக்கம் கோவா நிறுவகமும் ஜேர்மனியின் ஹம்பர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து, விரிகுடாவின் வடக்கிலும் நடுவிலும் தெற்கிலும் படிவுப் பொறிகளை ஆழத்தில் நிறுத்தின. பாடசாலை முற்றத்தில் மழைமானி மழையை ஏற்பதுபோல், இந்தப் பெரும் புனல்கள் மேலிருந்து விழுவதை ஏந்திச் சேர்க்கும். மேலே பயிர் குறைவு. ஆகவே கீழே விழுவதும் குறைவாயிருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் பசுமை மிக்க அரபிக்கடலின் ஆழத்தில் விழுவதற்கு ஒப்பான அளவு காபன் இங்கும் விழுவதைக் கண்டனர். 1991ஆம் ஆண்டு வெளியான இந்த ஆய்வு தந்த விளக்கம் பேராறுகளைச் சுட்டியது. அவை கொண்டுவரும் நுண்ணிய வண்டல், மடிந்த பயிரோடு ஒட்டி, அதனைக் கனமாக்கி, வழியில் தின்பாரிடமிருந்து தப்புவித்து, விரைவில் ஆழத்துக்குச் சேர்க்கிறது. மேலே பயிருக்கு இடையூறு செய்யும் அதே ஆறு, கீழே களஞ்சியத்துக்குத் துணை செய்கிறது. நிறத்தை மட்டும் பார்த்திருந்தால் இந்த உண்மை நமக்குக் கிட்டியிராது.

ஆகவே செய்மதி பயனற்றது என்று கூறுகிறேனா? இல்லை. செய்மதியின்றி உலகக் கடல் முழுவதையும் சில நாட்களுக்கு ஒருமுறை நோக்க வேறு வழியே இல்லை. ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடற்றகவல் நிலையம் நீரின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செய்மதியால் அறிந்து, மீன் கூடும் இடங்களை மீனவருக்கு அறிவித்து வருகிறது. செய்மதி வட்டை விதானையின் கண். ஆனால் கண் மதிப்பீட்டோடு எந்த அரசாங்கமும் நெற்கணக்கை முடிப்பதில்லை. அங்கங்கே சில வயல்களைத் தெரிந்து, அளந்த நிலத்தில் பயிரை வெட்டி, அடித்து, நிறுத்துப் பார்க்கிறது. பயிர்வெட்டு அளவீடு என்பது அதன் பெயர். கடலில் அந்த வேலையைச் செய்பவை கப்பலும், படிவுப் பொறியும், பத்து நாளுக்கு ஒருமுறை 2000 மீற்றர் ஆழம்வரை சென்று மீளும் ஆர்கோ மிதவைகளும். கண்ணும் வேண்டும்; தராசும் வேண்டும்.

கடல் வெப்பமேற மேல்நீர் மேலும் இலேசாகும். போர்வை இன்னும் இறுகும். கீழுள்ள சத்து மேலே வருவது அரிதாகும் என்று விஞ்ஞானிகள் அஞ்சுகின்றனர். அது முதலிற் சுடுவது நம்மைப் போன்ற வெப்பவலயக் கரையோர மக்களின் அடுப்பையே. அந்த மாற்றத்தை நமக்கு அறிவிக்க வேண்டிய அளவீடுகளை, எங்கோ இருந்து வரும் கப்பல்களே எப்பொழுதும் செய்து தர வேண்டும் என்று நாம் காத்திருக்கலாகாது. குவிமாடம் நமது வாசலில் எழுகிறது. அதனை அளக்கும் பிள்ளைகளும் நமது வகுப்பறைகளிலிருந்து எழ வேண்டும்.

சில நாட்களின் பின் அந்த வகுப்புக்கு மீண்டும் சென்றேன். இங்கே கூறியவற்றைச் சுருக்கமாகக் கூறினேன். கேள்வி கேட்ட மாணவன் சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் மேலே இருந்து பார்க்கிறவரும் வேண்டும், கடலுக்குள் போகிறவரும் வேண்டும், சேர்" என்றான். நான் இத்தனை நேரம் விரித்துரைத்ததை அவன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டான். சுபஹுத் தொழுகை முடித்துக் கடற்கரை வழியே நடக்கும்போது, வலையிழுப்போர் வரிசையில் அவன் வாப்பாவை இப்பொழுதும் காண்கிறேன். இரவெல்லாம் கருத்திருந்த கடல் வெளிச்சம் பட்டுப் பச்சையும் நீலமுமாக மாறும் அந்த நேரத்தில், அந்த நிறத்துக்குக் கீழே எத்தனை பெரிய வயல் விளைந்துகொண்டிருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறேன்.